வால்வ் போட்டால் போதுமா? பேஸ்மென்றோடு வீடு வாங்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் 1960களில் கட்டின பங்களோ ஒன்று வாங்குகிறீர்கள். அடுத்த மாதம் சாவி கைக்கு வருகிறது. பேஸ்மென்றை, அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கும் தளத்தை, வாடகைக்குக் கொடுத்தால்தான் மோர்ட்கேஜ் கட்டலாம். வீடு பார்த்த இன்ஸ்பெக்டர் கீழே காய்ந்துதான் இருக்கிறது என்றாராம். கூட வேலை செய்பவர், கழிவுத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பாமல் தடுக்கிற ஒரு பாக்வோட்டர் வால்வ் போட்டுவிட்டால் பிறகு வெள்ளத்துக்குப் பயமில்லை என்றாராம். இரண்டையும் நம்பலாமா?

இன்ஸ்பெக்டர் பார்த்த அன்றைக்கு அது காய்ந்துதான் இருந்திருக்கும். மழை இல்லாத நாளில் எல்லார் வீட்டுப் பேஸ்மென்றும் அப்படித்தான். கூட வேலை செய்பவர் சொன்னது பாதி சரி. மிச்சப் பாதியை நான் இரண்டு மழையில் படித்தேன்.

முதலாவது 2013 ஜூலை 8, திங்கட்கிழமை பின்னேரம். நாங்கள் எட்டோபிக்கோவில் இருக்கிறோம். பியர்சன் விமான நிலையத்தில் அன்று பதிவான மழை 126 மில்லிமீற்றர். ஒரு ஜூலை மாதம் முழுக்கப் பெய்கிற அளவையும் தாண்டியது. கோ என்கிற பயணிகள் ரெயின் ஒன்று டொன் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குள் மாட்டுப்பட்டு, ஆட்களைப் படகில் ஏற்றி இறக்கினார்கள். எங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. டோர்ச்சோடு கீழே இறங்கினால் சுவரில், ஜன்னலில் ஒரு சொட்டு ஈரமில்லை. நிலத்து வடிகானின் ஓட்டைதான் குபுகுபுவென்று கொப்பளிக்கிறது. மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். தெருவில் கழிவுக் குழாய் நிரம்பி, போக இடமில்லாமல் வீட்டுக்குள் திரும்பி வந்த தண்ணீர் அது. காப்பெற், சோபா, பிள்ளைகளின் பழைய புத்தகங்கள், மனுசியின் கலியாண அல்பம் எல்லாம் குப்பைக்குப் போனது.

அதற்குப் பிறகு வால்வ் போட்டோம். வீட்டுக் கழிவுக் குழாயில் ஒரு மூடி மாதிரி அது. வீட்டுத் தண்ணீரை வெளியே விடும். தெருப் பக்கமிருந்து தண்ணீர் தள்ளினால் மூடிக்கொள்ளும். நல்ல சாமான்தான். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. 2024 ஜூலை 16, பியர்சனில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் கொட்டிய அன்று, கீழே வால்வ் ஒழுங்காக மூடிக்கொண்டது. மேலே மாமி வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டார், மகன் குளித்துக்கொண்டிருந்தான். சவர்க்கார நுரையோடு எங்கள் தண்ணீரே வடிகானால் மேலே வந்தது. யாரைக் குறை சொல்ல? வீட்டு ஆட்களுக்கு நான்தான் சொல்லி வைக்கவில்லை. இப்போது மெஷினுக்கு மேலே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறது: பெருமழை நேரம் குளிக்கக் கூடாது, உடுப்புத் தோய்க்கக் கூடாது, கக்கூஸ் தண்ணீர் இழுக்கக் கூடாது. கீழே வாடகைக்கு இருப்பவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு குழாய் புதைத்திருப்பார்கள். வீப்பிங் ரைல் என்பார்கள். சுவரோரம் ஊறும் மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டு போவது அதன் வேலை. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இது வீட்டுக் கழிவுக் குழாயோடு பொருத்தப்பட்டிருக்கும். அப்படி இருந்தால், வால்வ் மூடின பிறகும் நிலத்துத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், போக வழியில்லாமல் உங்கள் வடிகானால் மேலே வரும். வால்வ் போட்டும் வெள்ளம் வந்தது என்று சிலர் சொல்வது பொய்யில்லை. அப்படியான வீட்டில் அந்த இணைப்பைத் துண்டித்து, வாயை அடைத்து, தண்ணீரை நிலத்துக்குள் வெட்டின ஒரு குழிக்குத் திருப்பி, சம்ப் பம்பால் வெளியே இறைக்க வேண்டும். தோட்டத்துக்கு மெஷின் வைத்து இறைத்த ஊர்க்காரருக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. பம்புக்கு பற்றரி கட்டாயம் வையுங்கள். மழை உரக்கப் பெய்கிற இரவில்தான் கரண்டும் போகும். வெளியே விடுகிற குழாய் அத்திவாரத்துக்குக் கிட்ட முடியக் கூடாது. முடிந்தால் அதே தண்ணீர் சுற்றித் திரும்பி வரும், நீங்கள் இரவு முழுக்க இறைத்துக்கொண்டிருப்பீர்கள். குளிர்காலத்தில் அதன் வாய் உறைந்து அடைபடாமலும் பார்க்க வேண்டும். பனி உருகுகிற பங்குனி மாதத்துக்கு முன்னம் ஒரு வாளி தண்ணீரைக் குழிக்குள் ஊற்றிப் பாருங்கள், மிதவை எழும்பி பம்ப் ஓட வேண்டும்.

இந்த வேலைகளை யாரோ தெரிந்த ஆள் மலிவாகச் செய்து தருவார் என்று விடாதீர்கள். நகரசபை உதவித்தொகை தருகிறது. அதற்கு உரிமம் உள்ள ஆள் செய்த வேலையாக இருக்க வேண்டும், வால்வுக்கு பெர்மிட் எடுத்திருக்க வேண்டும். நீண்ட காலம் ஒரு வீட்டுக்கு ஆகக்கூடியது 3,400 டொலர் என்று இருந்தது: வால்வுக்கு 1,250, பம்புக்கு 1,750, வீப்பிங் ரைலைத் துண்டித்து அடைக்க 400. இப்போதைய தொகையையும் நிபந்தனைகளையும் வேலை தொடங்க முன்னமே நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். தமிழிலும் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கதைக்கலாம்.

ஆனால் சாவி வந்ததும் இந்தப் பெரிய செலவுகளில் கை வைக்காதீர்கள். முதலில் வீட்டுக்கு வெளியே பாருங்கள். கூரைப் பீலி இலை குப்பையால் அடைத்திருக்கிறதா? பீலித் தண்ணீர் இறங்கும் குழாய் நிலத்துக்குள் போகிறதா, சுவரடியில் ஊற்றுகிறதா? இரண்டும் பிழை. 2 மீற்றராவது தள்ளிப் புல்லுக்குள் விட நீட்டுங்கள். அந்தத் துண்டுக் குழாய் கடையில் மலிவு. அறுபது வருட வீட்டில் சுவரோர மண் இறங்கி, தண்ணீர் வீட்டுப் பக்கமாக ஓடும். மண் போட்டு வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். சுவர் வெடிப்பால் வருகிற தண்ணீரில் நிறைய இதோடேயே நின்றுவிடும்.

சமையலறை பற்றியும் ஒன்று. ரோல்ஸ், வடை பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றுகிற பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அது குழாய்க்குள் கட்டியாகிவிடும். பழைய களிமண் குழாயில் மரவேரும் சேர்ந்தால், கழிவுத் தண்ணீர் திரும்பி வர மழையே தேவையில்லை. அதனால் வாங்க முன்னம் குழாய்க்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு டொலர் போகும், போகட்டும். அதேநேரம் முன்னம் தண்ணீர் வந்த அடையாளங்களை உங்கள் கண்ணாலும் பாருங்கள்: சுவரடியில் உப்புப் பூத்த வெள்ளை, கீழ்ப்பாதியில் மட்டும் புதுப் பூச்சு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸின் அடியில் துரு.

காப்புறுதியில் கவனம். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் கழிவுத் தண்ணீர் திரும்பி வருவது பெரும்பாலும் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும். தெருவால், முற்றத்தால் வருகிற வெள்ளத்துக்கு வேறொன்று. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வால்வ் இருந்தால் சில இடங்களில் கட்டணத்தைக் குறைப்பார்கள். வாடகைக்கு இருப்பவரின் சாமானை உங்கள் காப்புறுதி பார்க்காது. அவர் தனக்கென்று எடுக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் தண்ணீர் வந்தால், அது பிளக்கையோ கரண்ட் பெட்டியையோ எட்டியிருந்தால் காலை வைக்காதீர்கள். உயிர்தான் முதல், அதற்குப் பிறகுதான் படம் எடுப்பது, 311, காப்புறுதிக்காரர். நனைந்த காப்பெற்றைக் காயவைக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சாவி வாங்கின பிறகு வருகிற முதல் பெருமழைக்கு, இடிமின்னல் அடங்கினதும், குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருதரம் நடவுங்கள். தண்ணீர் எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.