ராலேவைத் திட்டின அதே குக்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார், இங்கிலாந்து சட்ட மேதை எட்வர்ட் குக் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ராஜாவும் சட்டத்துக்குக் கீழதான்னு சொன்னவர்னு புகழ்ந்திருக்கீங்க. 1603ல கடலோடி வால்டர் ராலே வழக்குல அரசு வக்கீலா நின்னு அந்த மனுஷனை அசிங்கமா திட்டினதும் இவர்தானே? அதை ஏன் விட்டுட்டீங்க?

*

வணக்கம். விட்டது தப்புதான். வின்செஸ்டர்ல நடந்த ராஜதுரோக வழக்கு அது, முக்கிய சாட்சி கோபாம் பிரபு. அந்த ஆளை என் முன்னாடி கொண்டாந்து நிறுத்துங்க, என் மூஞ்சியப் பார்த்து சொல்லட்டும்னு ராலே திரும்பத் திரும்பக் கேட்டார், கடைசி வரைக்கும் நிறுத்தல, எழுதி வாங்கின வாக்குமூலத்தை வச்சே மரண தண்டனை. குக் அவரை விரியன் பாம்புன்னார், துரோகி, உன்னை 'நீ'ன்னுதான் சொல்லுவேன்னார். இங்கிலீஷ்ல இப்போ 'நீ', 'நீங்க' ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அதனால இன்னைக்கு இங்கிலீஷ்காரங்களுக்கு இதை விளக்கித்தான் சொல்லணும், நமக்கு வேண்டாம். சபை நடுவுல ஒரு பெரிய மனுஷனைப் பார்த்து 'நீ'ன்னா அது என்னன்னு நமக்குத் தெரியும். இதுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

ஆனா நான் பார்த்த வரைக்கும், எந்த நாற்காலில உட்கார்ந்தாலும் அதுக்காக முழு மூச்சா சண்டை போடற ஆளு அவர். 1606ல நீதிபதி ஆனார், அடுத்த வருஷமே வழக்கை நானே தீர்ப்பேன்னு சொன்ன ஜேம்ஸ் ராஜாகிட்ட, அதுக்கு சட்டம் படிச்சு வருஷக்கணக்கா பழகியிருக்கணும்னு சொல்லிட்டார். தான் நிமிர்ந்து நின்ன மாதிரிதான் அவர் எழுதி வச்சிருக்கார், அந்தக் காலத்துக் கடிதம் ஒண்ணுல ராஜா முஷ்டிய மடக்கிட்டு அடிக்க வர, குக் தரையில விழுந்து மன்னிப்பு கேட்டார்னு இருக்கு. விழுந்திருப்பார்னுதான் நான் நம்பறேன், விழுந்து எழுந்தும் 1616ல பதவி போற அளவுக்கு மறுபடி மறுபடி முரண்டு பண்ணார் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசு.

இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. அடுத்த வருஷம் ராஜாவோட தயவைத் திரும்பப் பிடிக்க, ராஜாவுக்கு ரொம்பப் பிடிச்ச ஆளான பக்கிங்காமின் அண்ணனுக்கு தன் மக பிரான்சஸைக் கட்டாயப்படுத்தி கட்டி வச்சார். ராலே விஷயத்தை விட இது எனக்குக் கசப்பு.

அப்புறம் 1628. கட்டாயக் கடன் தர மாட்டேன்னவங்களை, ஜேம்ஸுக்கு அப்புறம் வந்த அவர் மகன் சார்லஸ் ராஜா காரணமே சொல்லாம உள்ள வச்சு, கொஞ்சம் முன்னாடிதான் விட்டிருந்த நேரம். 76 வயசுல பார்லிமென்ட்ல எழுந்து, ராஜாவோட அதிகாரத்துக்கு வரம்பு கட்டின பழைய சாசனமான மேக்னா கார்ட்டாவுக்கு மேல ராஜான்னு ஒருத்தர் கிடையாதுன்னு பேசி, காரணம் காட்டாம யாரையும் சிறையில போடக்கூடாதுன்னு உரிமை மனுவை நிறைவேத்த முன்னால நின்னார்.

1634ல அவர் சாகக் கிடந்தப்போ ராஜா ஆளனுப்பி வீட்டுல இருந்த காகிதங்களை அள்ளிட்டுப் போனார். 1641ல பார்லிமென்ட் கேட்டு வாங்கித்தான் அது குடும்பத்துக்குத் திரும்பி வந்தது.