'சூது கவ்வும்' பார்த்துக் கோபப்பட்டவர்களுக்கும் கொண்டாடியவர்களுக்கும்: கேள்வி பதில்

போன ஞாயிறு மதுரையில் நம்ம திரையிடலில் 'சூது கவ்வும்' போட்டோம். 2013 மே 1 அன்று வந்த படம், நலன் குமரசாமிக்கு முதல் படம், தயாரிப்பு சி.வி. குமார். சின்னச் சின்னக் கடத்தல் செய்து பிழைக்கிற தாஸும், அவரோடு சேர்கிற வேலையில்லாத மூன்று இளைஞர்களும் நேர்மையான ஒரு அமைச்சரின் மகனைக் கடத்துகிறார்கள், அந்த மகனோ இவர்களை மிஞ்சின ஆள், இதுதான் கதை. படம் முடிந்ததும் ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் "இதையா போட்டீங்க" என்று முகம் சுளிப்பு. பேச நேரம் போதாததால் கேள்விகளை எழுதி வாங்கினோம். முடிவு உட்பட எல்லாம் கீழே வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி (வில்லாபுரம்): காமெடிப் படம் என்றுதான் வந்தேன். எனக்குச் சிரிப்பே வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். யார் சரி?

ரெண்டு பேருமே சரிதான் அண்ணே. நம்ம ஊர்க்காரர் வடிவேலு நடித்த காட்சிகளில் எங்கே சிரிக்க வேண்டும் என்று அவர் முகமே சொல்லிவிடும், அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் சிரிக்கும். குற்றம், சாவு மாதிரி கனமான விஷயங்களை வைத்தே சிரிக்க வைக்கிற டார்க் காமெடியில் அந்த அடையாளத்தை எடுத்துவிடுகிறார்கள். தாஸ் கடத்தலுக்கு ஐந்து விதி சொல்லும் இடத்தைப் பாருங்கள், அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்று அவ்வளவு பொறுப்பாக, ஒரு நல்ல குடும்பத்தலைவர் மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். தாஸாக நடித்த விஜய் சேதுபதி ஒரு இடத்தில்கூட "இது ஜோக்" என்று கண்ணடிக்கவில்லை. அது பேச்சுக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கிற பொருத்தமின்மையில் வருகிற சிரிப்பு, அதனால் ஒருவருக்கு உடனே பிடிபடும், இன்னொருவருக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு பிடிபடும், சிலருக்குப் பிடிக்காமலே போகும். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை.

கேள்வி (அண்ணா நகர்): எம்.எஸ். பாஸ்கர் நடித்த அமைச்சர் ஒருத்தர்தான் அந்தப் படத்தில் நேர்மையானவர். அவரைத் தோற்கடித்து, ஊழல் செய்கிற மகனை ஜெயிக்க வைக்கிறார்கள். இதற்குக் கைதட்டுகிறோமே, நியாயமா?

வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம். எந்த டார்க் காமெடி பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது, சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதை. அடிபட்டவன் மேலேயே விழுந்தால் அது கொடுமை, அந்தப் படத்தை நான் தாங்க மாட்டேன். இந்தப் படத்தில் அமைச்சரின் நேர்மையைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை, அந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கட்சி திணறுவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். ராதாரவி முதலமைச்சராக உட்கார்ந்து, அப்பாவை ஒதுக்கிவிட்டு மகனுக்கு சீட் கொடுக்கும்போது அரங்கில் வந்த சிரிப்பைக் கேட்டிருப்பீர்கள், அது சந்தோஷச் சிரிப்பு இல்லை, 'அப்படித்தானே நடக்கிறது' என்கிற கசப்பு. தலைப்பே பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் வருகிறதுதான். தருமத்தின் வாழ்வுதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும் என்று பாரதி எழுதியதில் முதல் பாதியோடு படம் நின்றுவிடுகிறது. இரண்டாவது பாதி எங்கே என்று நீங்கள் கோபமாகக் கேட்கிறீர்கள் பாருங்கள், படம் உங்களுக்குள் போய் வேலை செய்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். படம் பிடிக்கவில்லை என்ற உங்கள் முடிவை இதற்காக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (திருநகர்): பிள்ளைகளோடு வந்துவிட்டேன். கடத்தலை ஜாலியாகக் காட்டுகிறார்களே?

அக்கா, அறிவிப்பிலேயே வயதை நாங்கள் போட்டிருக்க வேண்டும், இனிமேல் போடுகிறோம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டார்கள், இந்தப் படம் வந்தபோது அந்த வசதி கிடையாது. பதின்மூன்றுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு இந்தப் படம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சொல்லுகிறதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்ளப் பழகிய வயதில்தான் இதெல்லாம் சரிப்படும்.

கேள்வி (கே.கே. நகர்): ஒரு படத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கிற ஒரே இளம்பெண், அதுவும் ஹீரோவின் கற்பனை. இது யாருக்கும் உறுத்தவில்லையா?

எனக்கு உறுத்தியது, ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஷாலு என்கிற கற்பனைக் காதலி யோசனையாக நல்ல யோசனை, தாஸ் எவ்வளவு தனியான ஆள் என்பதை அவளை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அமைச்சர் வீட்டில் இருக்கிற அம்மாவை விட்டால் வேறு பெண்ணே கதைக்குள் வர வழியில்லை. இந்த வகைத் தமிழ்ப் படங்கள் ரொம்ப நாள் நாலு பையன்களின் கூட்டமாகவே இருந்தன. 2018-ல் வந்த 'கோலமாவு கோகிலா'வில் அம்மாவின் புற்றுநோய் வைத்தியத்துக்காகப் போதைப்பொருள் கடத்தப் போகிறவள் நயன்தாரா, அங்கே சிரிப்பும் பயமும் ஒரு வீட்டுப் பெண்கள் வழியாகவே வருகிறது. அதையும் ஒரு நாள் போடுவோம்.

கேள்வி (உசிலம்பட்டி): இதெல்லாம் சென்னைக்காரர்களின் ரசனை. நம்ம பக்கம் இது எடுபடாது என்கிறார் என் மாமா.

மாமாவிடம் ஸ்பெஷல் நாடகத்தை ஞாபகப்படுத்துங்கள் தம்பி. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் இருந்து நாடகம் நடத்தின காலத்திலிருந்து நம்ம ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடப்பது அது. பபூன் முதலில் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்த பிறகுதான் கதையே தொடங்கும். அரிச்சந்திரா எடுத்துக்கொள்ளுங்கள், பொண்டாட்டி பிள்ளையை ஏலம் விடுகிற கதை, அதற்குள்ளேயே சந்திரமதியை விலைக்கு வாங்குகிற காலகண்ட ஐயர் வந்து சிரிப்பு மூட்டுவார், அப்புறம் அதே மேடையில் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் சுடுகாட்டுக்கு வருவாள், அங்கே புருஷனே கூலி கேட்பான். இதை விடக் கருப்பான நகைச்சுவை ஏது? நம்ம தாத்தா பாட்டிகள் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பார்த்தது இதைத்தான்.

சினிமாவிலும் உங்கள் பக்கத்திலேயே எடுத்த 'கடைசி விவசாயி' இருக்கிறது, 2022-ல் வந்தது. செத்துக் கிடந்த மயில்களைப் பாவம் என்று புதைத்த கிழவர் மேல், மயிலைக் கொன்றதாக வழக்கு. அவர் சிறையில் இருக்கையில் வயலில் பயிர் காயக்கூடாதே என்று போலீஸ்காரர் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டியிருக்கிறது. கேட்டால் அநியாயம், பார்த்தால் சிரிப்பு. அந்தக் கிழவராக வருகிற, தொழில்முறை நடிகரே அல்லாத நல்லாண்டி ஐயா அதில் கோர்ட்டில் நிற்கிற நிற்பை, ஒன்றும் புரியாமல், ஆனால் ஒரு பயமும் இல்லாமல், எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். படம் வெளிவருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

கேள்வி (மேலூர்): 'லோ பட்ஜெட், கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்று எல்லாரும் சொல்கிறார்கள். டிக்கெட் விலையைக் குறைக்கிறார்களா?

நியாயமான பேச்சு. காசு குறைச்சல் என்பதைப் படம் பார்க்கிறவர் தலையில் கட்டக் கூடாது. வெளிச்சம் கொஞ்சம் மங்கினாலும் கண் பழகிவிடும், வசனம் சரியாகக் கேட்கவில்லை என்றால் எந்தப் படமும் பிழைக்காது, இந்த வகைப் படத்தில் ஒரு வார்த்தை விழுங்கினால் சிரிப்பே போச்சு. உங்க ஊர்ப் பக்கத்து பி.எஸ். வினோத்ராஜ் அரிட்டாபட்டி வெயிலில் எடுத்த 'கூழாங்கல்' எவ்வளவு சிக்கனமான படம், 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதில் காலடிச் சத்தத்தைக்கூட அக்கறையாகக் கேட்க வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (சிம்மக்கல்): முதலில் திட்டுகிறார்கள், பிறகு தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஏன்?

விளம்பரம் ஒன்று சொல்லும், படம் வேறாக இருக்கும், முதல் வாரம் வருகிறவர்கள் விளம்பரத்தை நம்பி வந்தவர்கள். 2011-ல் 'ஆரண்ய காண்டம்' தியேட்டரில் நிற்கவில்லை, அப்புறம் தேசிய விருது, அப்புறம் பேசிப் பேசியே பெரிய படம். 'சூது கவ்வும்' ஓடியதற்கு ஒரு காரணம், 2012-லேயே 'அட்டகத்தி'யும் 'பீட்சா'வும் வந்து ஜனங்களைக் கொஞ்சம் தயார்ப்படுத்தியிருந்தன.

கேள்வி (கல்லூரி மாணவர், நாகமலை): சாவு வீட்டை வைத்து ஒரு டார்க் காமெடி குறும்படம் எடுக்கிறேன். ஒரு ஆலோசனை?

தம்பி, நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறாய். ஜோக் எழுதாதே, நடப்பதை எழுது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நம்ம ஊரில் எப்படி அடிக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். பிணம் நடு வீட்டில் கிடக்கிறது, வாசலில் வாடகை நாற்காலி இறங்குகிறது, ரெண்டு மருமகன்கள் போனில் பிரிண்டிங் பிரஸ்காரனிடம் யார் படம் பெரிசாக வர வேண்டும் என்று தணிந்த குரலில் சண்டை போடுகிறார்கள், உள்ளே ஒப்பாரி கூடும்போது ரெண்டு பேரும் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம். அந்த மருமகன்களாக நடிப்பவர்களிடம் இது காமெடி என்று சொல்லாதே, மாமனார் செத்த துக்கமும் அவர்களுக்கு நிஜமாகவே இருக்க வேண்டும். பின்னணியில் வேடிக்கை இசை போட்டாயானால் எல்லாம் கெட்டது. அழுகிற அந்த அம்மாவைக் கேமரா ஒரு தடவைகூடக் கேலியாகப் பார்க்கக் கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இரு. முடித்ததும் கொண்டு வா, அடுத்த திரையிடலில் பெரிய படத்துக்கு முன்னால் போடுகிறோம்.