மொய் நட்சத்திரங்கள்

அன்புள்ள ஐயா,

எழுதுகிறவர்களுக்குப் பணம் தரும் ஓர் இணையதளத்தில் இரண்டு வருடமாகக் கதை எழுதுகிறேன். அங்கே எழுதுகிறவர்களேதான் ஒருவர் கதைக்கு ஒருவர் நட்சத்திரம் போட வேண்டும். மாதக் கடைசியில் சராசரியைப் பார்த்துப் பணத்தைப் பிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு கதைக்கு மூன்று போட்டு, நடுவில் தொய்கிறது என்று காரணமும் எழுதினேன். மறுநாள் காலையில் பார்த்தால் என் பழைய கதைகள் நாலைந்தில் வரிசையாக ஒற்றை நட்சத்திரம். இப்போதெல்லாம் எல்லாருக்கும் ஐந்து போட்டு, ‘அருமை தோழி’ என்று எழுதிவிட்டுப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது. சக எழுத்தாளர்கள் மதிப்பிடுவது என்ற ஏற்பாடே தப்பா? திருத்த வழி உண்டா? என் கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

ஏற்பாடு தப்பில்லை. மொய் நோட்டுக்கு மதிப்பெண் பட்டியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுதான் தப்பு.

ஆடி மாதத்தில் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக்குப் போயிருப்பீர்கள். இலையில் கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராக மேசைக்குத்தான் போவோம். அங்கே ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். நாம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பழைய நோட்டைப் புரட்டி, அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்துத்தான் கொண்டுபோகிறோம். அவசரத்துக்கு வட்டியில்லாமல் பணம் புரளும் நல்ல ஏற்பாடு அது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் கறியில் உப்பு சரியாக இருந்ததா என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். உங்கள் தளத்தில் அது தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் குறைவாக மொய் செய்தீர்கள், அவர்கள் திருப்பிச் செய்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே முதல் வேலை, பெயரை மறைப்பது. யார் கதை என்று போடுகிறவருக்கும், யார் போட்டது என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது.

அடுத்தது நட்சத்திரத்தையே எடுத்துவிடுவது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். பெயர் இல்லாத பிரதிகள், நூற்றுக்கு மதிப்பெண். காலையில் ஒரு கதைக்கு 60 போட்டேன். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவன், கட்டு மாறிப்போனதில் அதே கதையை மறுபடி எடுத்து 72 போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் படித்த பிறகுதான் எங்கேயோ பார்த்த கதையாயிற்றே என்று உறைத்தது. பன்னிரண்டு மதிப்பெண் சாம்பார் சாதத்துக்கு! ஆனால் இரண்டு கதைகளைக் கையில் கொடுத்து எது மேல் என்று கேட்டிருந்தால், காலையிலும் மதியமும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

தர்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1927இலேயே இப்படி இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசை கண்டுபிடிக்கும் கணக்கை எழுதிவைத்தார். 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட ஹீலியம் என்ற தளம் இந்த வழியில்தான் போனது: ஒரே தலைப்பில் எழுதிய இரண்டு கட்டுரைகளை, பெயர் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டார்கள். ஐந்து நட்சத்திரத்தின் கதி தெரிந்ததுதான். பெரும்பாலோர் ஐந்துதான் போடுகிறார்கள் என்று யூடியூப் 2009இல் சொல்லிவிட்டு, மறுவருடம் அதைக் கைவிட்டது.

சராசரியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. நாலு தோழிகள் ஐந்து ஐந்தாகப் போட்ட கதை, முந்நூறு பேர் படித்து 4.6 வாங்கிய கதைக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். கொள்முதல் நிலையத்தில் குவியலின் மேலே காய்ந்து கிடக்கும் நெல்லை மட்டும் ஒரு பிடி அள்ளி, ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொள்வது போல. ஆள் குறைவென்றால் நம்பிக்கையையும் குறைத்துக் கணக்கிட வில்சன் என்பவருடைய சூத்திரம் இருக்கிறது. அதுவும் 1927ஆம் வருடத்துச் சரக்குதான், என்ன ராசியோ.

அப்புறம், போடுகிறவர்களையும் சோதிக்க வேண்டும். மாதம் இத்தனை மதிப்பிட்டால்தான் பணம் என்று விதி வைத்தால், படிக்காமலே தட்டிவிட்டுப் போவார்கள். அதே ஜோடியைச் சில நாள் கழித்து இடம் வலம் மாற்றிக் காட்டிப் பார்க்கலாம். நிதானமாகப் படிக்கிறவர் அநேகமாக அதே கதையைத்தான் தேர்ந்தெடுப்பார். எப்போதும் இடதுபக்கத்தையே அழுத்துகிறவருடைய ஓட்டுக்கு மதிப்பைக் குறைத்துவிடலாம். ஒழுங்காகப் படித்துச் சொல்கிறவருக்கு அதற்கென்று கூலியும் தர வேண்டும். நெல் தூற்றுகிறவருக்குக் கூலி உண்டு, கதை தூற்றுகிறவருக்கு மட்டும் கிடையாதா?

ஆனால் ஒன்று. இத்தனை செய்தாலும், பங்கு முழுவதையும் சக எழுத்தாளர் கையில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே பானையிலிருந்து சாப்பிடுகிறவர்களையே பரிமாறவும் சொல்கிறோம். பணத்தின் பெரும்பகுதி, காசு கட்டிப் படிக்க வந்தவர்கள் எந்தக் கதையைக் கடைசிவரை படித்தார்கள் என்பதைப் பார்த்துப் போகட்டும். சகாக்களின் தீர்ப்பை முகப்பில் எந்தக் கதையை வைப்பது என்பதற்கு வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் தளத்துக்காரர்களுக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் மனதில் மூன்று என்று பட்டால், நட்சத்திரம் போடாமல் தனிக்கடிதமாகக் காரணத்தை எழுதிவிடுங்கள்.

உங்கள் கதையைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்க மேட்டூர் அணையின் வரலாறு. ஜூன் 12 திறப்பெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம், வெளியூர்க்காரர்களுக்கு அந்த இடத்தில் தேவையில்லை. கடைமடையில் அந்தப் பெண் வாய்க்காலுக்குள் இறங்கி, முதல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாளே, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.