ஆகாஷ் டேப்லெட்: உங்கள் சந்தேகங்களும் என் பதில்களும்

2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்கான மலிவு விலை டேப்லெட்டான ஆகாஷை வெளியிட்டார். அன்றிலிருந்து எனக்குக் கேள்விகள் வந்தபடியே இருந்தன. பன்னிரண்டு வருடமாக சர்க்யூட் போர்டுகளோடு வேலை பார்ப்பவன் என்பதால் கேட்டீர்கள் போல. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து அப்போது நான் சொன்ன பதில்கள் இவை; விலையும் நிலவரமும் 2011ஆம் ஆண்டினுடையவை.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். 7 இன்ச் திரை, 800க்கு 480 புள்ளிகள். விரல் வைத்தால் போதாது, கொஞ்சம் அழுத்தித் தொட வேண்டிய ரெசிஸ்டிவ் வகை. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம் (ஆப்கள் ஓடுவதற்கான தற்காலிக நினைவகம்), உள்ளே 2 ஜிபி இடம், கூடவே 2 ஜிபி மெமரி கார்டு. இரண்டு யூஎஸ்பி போர்ட், வைஃபை, ஆண்ட்ராய்டு 2.2, 2100 எம்ஏஎச் பேட்டரி. டேட்டாவிண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. ராஜஸ்தான் ஐஐடி மேற்பார்வை. பாகங்களைச் சேர்ப்பது ஹைதராபாத்தில். அரசு வாங்கும் விலை 2,276 ரூபாய். மாணவர்களுக்கு அதிலும் மானியம் உண்டு. முதல் ஆர்டர் ஒரு லட்சம்.

அண்ணா, என் போனே 800 மெகாஹெர்ட்ஸ். 366ஐ வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் என்ன செய்வது? (பொறியியல் மூன்றாம் ஆண்டு, கோவை)

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது 366 இல்லை, 256. அந்த ரேமில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் உங்கள் பிரவுசரும் பிடிஎஃப்பும் ஓட வேண்டும். ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு இன்னொன்றுக்குப் போனால், திரும்பி வரும்போது முதலாவது மறுபடி ஆரம்பத்திலிருந்து திறக்கும். பாடம் படித்துக்கொண்டே நடுவில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடும் பிள்ளைக்கு இது பெரிய தொல்லை. நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் பிராசசரை அப்படியே விட்டுவிட்டு ரேமை 512 ஆக்கியிருப்பேன்.

மற்றபடி ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் படிக்க, ஆடியோ பாடம் கேட்க, சின்ன அளவு வீடியோ பார்க்க இந்த வேகம் போதும். படம் நிறைந்த கனமான பிடிஎஃப்தான் திணறும்.

ஐபேட் 2 இந்தியாவில் 29,500 ரூபாய். இது 2,276. நடுவில் 27,000 ரூபாய் எங்கே போச்சு? எங்கேயோ பொய் இருக்கு சார். (சென்னை)

பொய் இல்லை சார். கழித்த இடங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விரல் பட்டாலே புரிந்துகொள்ளும் கெபாசிடிவ் திரைக்குப் பதிலாக, விலை குறைந்த ரெசிஸ்டிவ். பெரிய பேட்டரி இல்லை. கூகுளின் ஆப் கடையான ஆண்ட்ராய்டு மார்க்கெட் கிடையாது, அதற்குப் பதில் கெட்ஜார் என்ற வேறொரு ஆப் கடை. ரேமும் பிராசசரும் இன்றைய நிலையில் கடைசிப் படி. இதெல்லாம் பொருளிலேயே குறைத்தவை.

அடுத்தது வியாபாரத்தில் குறைத்தவை. விளம்பரம் இல்லை, ஷோரூம் இல்லை, டீலர் கமிஷன் இல்லை. ஒரே வாடிக்கையாளர், ஒரே ஆர்டர், ஒரு லட்சம் பீஸ். நாம் கடையில் வாங்கும் எந்தப் பொருளிலும் பாகங்களின் விலை ஒரு பங்குதான். கடையில் விற்கும் டேப்லெட்டுகளிலேயே ரிலையன்ஸ் 3ஜி டேப் 12,999க்கு வருகிறது, பீட்டல் மேஜிக் 9,999க்கு வருகிறது. அதனால் ஐபேடோடு ஒப்பிடுவதை விட்டுவிடுவோம். ஆகாஷை எதிர்பார்க்கும் பையனிடம் 29,500 இருந்ததே இல்லை. அவனுக்கு இது ஒன்று, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. நான் இதைப் பார்ப்பது அந்தப் பையனுடைய இடத்திலிருந்துதான்.

2009இல் பத்து டாலர் லேப்டாப் என்று சொன்னார்களே, அது எங்கே? இதுவும் அப்படித்தானே முடியும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. மறக்காமல் இருப்பவர்கள் வேண்டும்.

2009 பிப்ரவரியில் திருப்பதியில் 'சாக்ஷாத்' என்ற பெயரில் ஒன்றைக் காட்டினார்கள். நாடே லேப்டாப்பை எதிர்பார்த்தது. வந்ததில் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. பாடங்களைச் சேமித்து வைக்கிற ஒரு பெட்டி. அடுத்து 2010 ஜூலையில் 35 டாலர் டேப்லெட் என்று ஒரு மாதிரியைக் கபில் சிபலே கையில் பிடித்துக் காட்டினார். முதலில் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் வங்கி உத்தரவாதம் கட்டாததால் விலக்கப்பட்டது. பிறகுதான் டேட்டாவிண்ட் வந்தது. 35 டாலர் இப்போது அரசுக்கு ஏறக்குறைய 50 டாலர் ஆகியிருக்கிறது. உலக அளவில் பார்த்தாலும் 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டம் 100 டாலர் என்று தொடங்கி 188 டாலருக்கு ஏறியது. நம் பெங்களூர் சிம்ப்யூட்டரும் ஏழைகளுக்கான கணினி என்று கிளம்பி, அவர்கள் கைக்கு எட்டாமலே நின்றுபோனது.

ஆனாலும் இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெளியீட்டு நாளிலேயே 500 மாணவர்கள் கையில் கொடுத்தார்கள். ஆன் செய்தால் ஓடுகிற பொருள். எனவே 'ஏமாற்று' என்று சொல்ல மாட்டேன். 500 கொடுப்பது ஒரு வேலை, ஒரு லட்சத்தை ஒரே தரத்தில் கொடுப்பது வேறு வேலை. என் சந்தேகம் முழுவதும் அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

ரெசிஸ்டிவ் திரை என்றால் என்ன? எல்லோரும் திட்டுகிறார்களே. (கல்லூரி மாணவி, மதுரை)

மெல்லிய இடைவெளி விட்டு இரண்டு படலங்கள் இருக்கும். நீங்கள் அழுத்தும்போது மேல் படலம் வளைந்து கீழே இருப்பதைத் தொடும். எந்த இடத்தில் தொட்டது என்பதை மின்தடையை வைத்துக் கணக்கிடும். அதனால் விரல்தான் வேண்டும் என்றில்லை. நகம், பேனா மூடி, எதை வைத்து அழுத்தினாலும் வேலை செய்யும். கெபாசிடிவ் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரலால் ஏற்படும் மின்புல மாற்றத்தை உணர்கிறது. அதனால்தான் அவ்வளவு இலகுவாக நழுவுகிறது.

போன வருடம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 7 இன்ச் ரெசிஸ்டிவ் டேப்லெட் வாங்கினேன். பெட்டியில் தயாரித்தவர் பெயர்கூடக் கிடையாது. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தொட்ட இடம் ஒன்று, எடுத்துக்கொண்ட இடம் ஒன்று என்று ஆனது. செட்டிங்ஸில் 'கேலிபரேஷன்' என்று இருந்தது. அதில் காட்டிய புள்ளிகளைப் பேனா முனை போன்ற மொட்டையான குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்தியதும் சரியாகிவிட்டது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போட்டிருப்பார்களோ. ஆகாஷ் கிடைத்தால் முதலில் இந்த மெனு எங்கே இருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது நடக்காது. வெயிலில் திரை மங்கும். இவை இரண்டும் உண்மையான குறைகள்தான்.

கேம்ஸ் ஓடுமா? (பத்தாம் வகுப்பு, சேலம்)

சின்னச் சின்ன கேம் ஓடும் தம்பி. கார் ரேஸ் மாதிரி பெரியது ஓடாது.

தமிழ் தெரியுமா? அதைச் சொல்லுங்கள் முதலில். (யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், இப்போது திருச்சியில்)

ஆண்ட்ராய்டு 2.2இல் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகாஷுக்கென்று தனியாகச் சேர்க்காவிட்டால் இங்கும் அதே கதிதான். இந்தியப் பிள்ளைகளுக்கென்று செய்த பொருளில் இதைப் பற்றி வெளியீட்டு விழாவில் யாரும் கேட்கவில்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆங்கிலத்தில் படிப்பவனுக்கு மட்டும்தானா இது?

இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. ஓபெரா மினியை நிறுவுங்கள். முகவரிப் பட்டியில் ஓபெரா என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பக்கம் வரும். கடைசியில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தலாமா என்று கேட்கும். ஆம் என்று மாற்றிச் சேமியுங்கள். தமிழ் படமாக வரும், தெளிவாகப் படிக்கலாம். கொஞ்சம் கூடுதல் டேட்டா ஆகும். தமிழ்ப் புத்தகங்களைப் பொறுத்தவரை எழுத்துருவைத் தன்னுள்ளே கொண்ட பிடிஎஃப் என்றால் பிரச்சினை இல்லை.

சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?

இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 இன்ச் திரையின் வெளிச்சத்துக்கு 2100 எம்ஏஎச் குறைவு. காலையில் கல்லூரிக்கு எடுத்துப்போனால் மதியத்துக்குள் பிளக் தேட வேண்டும். மின்வெட்டு இருக்கும் ஊரில் இது வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை. வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்துவிட்டுப் படித்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

எங்கள் ஊரில் வைஃபை என்று யாருக்கும் தெரியாது. அப்போ இது வெறும் பலகைதானா? (விவசாயி மகள், தர்மபுரி பக்கம்)

இல்லைம்மா. நெட் இல்லாமலும் இதை ஓட்டலாம். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

என்பிடெல் தெரியுமா? சென்னை உட்பட ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து பொறியியல், அறிவியல் பாடங்களை வீடியோவாகப் பதிவுசெய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி லேபில் உட்கார்ந்து, உங்களுக்கு வேண்டிய பாடத்தின் வீடியோக்களை இறக்குங்கள். கணினியிலேயே சின்ன அளவுக்கு மாற்றி மெமரி கார்டில் போட்டுக்கொள்ளுங்கள். கார்டு 32 ஜிபி வரை போடலாம் என்பதால் ஒரு செமஸ்டர் பாடம் அடங்கிவிடும். அப்புறம் வீட்டில் நெட் எதற்கு?

யூஎஸ்பி டாங்கிள் (சிம் போட்டுச் செருகும் நெட் குச்சி) போட்டால் நெட் வரும் என்றும் சொல்கிறார்கள். அந்த டாங்கிளை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் ஆகாஷுக்குள்ளே இருந்தால்தான் வரும். கையில் இருக்கும் டாங்கிளைச் செருகிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

தமிழக அரசு இலவச லேப்டாப்பே கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஆகாஷ் எதற்கு? (பட்டதாரி ஆசிரியை, திருவள்ளூர்)

டீச்சர், கிடைக்கிறவர்களுக்கு லேப்டாப்தான் மேல், சந்தேகமே வேண்டாம். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் முதல் ஆண்டு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். கீபோர்டு இருக்கிறது, பெரிய திரை இருக்கிறது, புரோகிராம் எழுதலாம், பிராஜெக்ட் தட்டலாம். ஆகாஷில் நான்கு பக்கக் கட்டுரை தட்டுவதற்குள் விரல் வலித்துவிடும்.

ஆனால் அந்த லேப்டாப் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். சுயநிதிக் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு மலிவான ஒரு சாதனம் தேவைப்படுகிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பழுதானால் யாரிடம் போவது? (மொபைல் சர்வீஸ் கடைக்காரர், நாகர்கோவில்)

அண்ணாச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி.

அரசு கொடுக்கும் விலையில் மாற்றிக்கொடுக்கும் உத்தரவாதமும் அடக்கம் என்கிறார்கள். நல்லது. ஆனால் நாகர்கோவிலில் இருக்கும் மாணவன் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பான்? கல்லூரியிலா, தபாலிலா? மாற்று வரும்வரை அவன் எதில் படிப்பான்? இதற்குத் தெளிவான பதில் வராமல் ஒரு லட்சமும் கைக்குப் போனால், ஆறு மாதத்தில் அலமாரிக்குள் பாதி போய்விடும் என்று பயப்படுகிறேன்.

இந்த வகைப் பொருளில் என்ன போகும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் சார்ஜர் போர்ட் ஆடும். அடுத்து டச் படலம் கீறல் விழும், அல்லது பைக்குள் அழுந்தி உடையும். பிறகு பேட்டரி உப்பும். மூன்றுமே உங்கள் மேசையில் அரை மணி நேர வேலை, பாகம் கிடைத்தால். ஆகவே அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்த மூன்று பாகத்தையும் வெளிச் சந்தையில் விற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஊருக்கு ஊர் உங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகாஷ் கடைக்கு யூபிஸ்லேட் என்ற பெயரில் 2,999க்கு வரப்போகிறதாமே, மகனுக்கு இப்போதே பணம் கட்டலாமா? (இல்லத்தரசி, ஈரோடு)

அக்கா, பணம் கட்டாதீர்கள். கடைக்கு வரட்டும். சிம் போடலாம் என்கிறார்கள், அது ஒரு வசதிதான். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம்.

வந்ததும் மகனை அழைத்துக்கொண்டு போங்கள். அவன் படிக்கும் பாடப் பிடிஎஃப் ஒன்றை மெமரி கார்டில் போட்டு எடுத்துப் போங்கள். நேராகப் பிடித்தால் ஏ4 பக்கத்தின் அகலம் வெறும் 480 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும், அதாவது காகிதத்தின் ஒரு இன்ச்சுக்கு 58 புள்ளி. இதில் தமிழ்ச் சுழிகள் கலங்கித் தெரியும். படுக்கையாகத் திருப்பினால் இன்ச்சுக்கு 97 புள்ளி வரும், படிக்கலாம். அப்படித் திருப்பி வைத்து, பத்துப் பக்கம் தள்ளித் தள்ளி அவனே படித்துப் பார்க்கட்டும். கண்ணுக்கு ஒத்து வருகிறது, விரலுக்குப் பழகிவிடும் என்று அவன் சொன்னால் வாங்கிக் கொடுங்கள்.