ஹிப் ஹாப் எந்த ஆல்பத்தில் பக்குவம் அடைந்தது?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், அமெரிக்க ராப் பாடகர் நாஸின் 'இல்மேட்டிக்' (1994) என்பேன். பெரும்பாலும் வரிக் கடைசியில் விழுந்துகொண்டிருந்த இயைபை வரிக்கு நடுவிலும் அடுக்கடுக்காகப் பின்னும் வித்தையை, 1987-லேயே ராக்கிம் என்ற ராப் பாடகர் காட்டிவிட்டார். சரி, நாஸ் என்ன செய்தார்? அந்த வித்தையை வைத்து, தான் வளர்ந்த நியூயார்க் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் வாழ்க்கையைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 20தான்! 'ஒன் லவ்' பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். சிறையிலிருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம் அது. உனக்கு மகன் பிறந்திருக்கிறான், உன் ஜாடையாம், ஆனால் அவன் அம்மா ஏன் உனக்குக் கடிதம் போடுவதில்லை என்று கேட்கிறார். நீதி போதனை எதுவும் இல்லை, வெறும் ஊர்ச் சேதி. கேட்கிற நமக்குத்தான் நெஞ்சு கனக்கிறது. அப்புறம், மூன்றாவது பாட்டின் முடிவில் வரும் ஊதுகுழல் இசையைத் தவறவிடாதீர்கள். வாசிப்பவர் நாஸின் அப்பா, ஜாஸ் கலைஞர் ஓலு தாரா.