விலை குறைந்த மூடிய வகை (காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்திருக்கும்) ஹெட்போனின் ஒலித்தரத்தைக் கடையிலேயே எப்படிக் கணிப்பது?

பெட்டியில் போட்டிருக்கும் ‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்பதை மறந்துவிடுங்கள். எந்த அதிர்வெண் எவ்வளவு தூக்கலாக வரும் என்று அது சொல்லாது.

மூடிய வகையில் பாதி விஷயம் காது மெத்தையில்தான். சிறு இடைவெளி விழுந்தாலும் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குறைந்துவிடும்; மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதோடே கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, நன்றாகப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ‘தொம்’ என்று விழுந்து அடங்க வேண்டும். அந்த ஒலி தேங்கி நின்று பாடகர் குரலை மூடினால், பேஸ் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கும், அல்லது கிண்ணத்துக்குள்ளேயே ஒலி மோதித் திரும்பும். மலிவு மாடல்களில் அடிக்கடி மாட்டும் குறை இதுதான். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் காதைக் குத்தினால் மேல் அதிர்வெண்கள் அதிகம்.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பது காதுக்கு நல்லதாகவே தோன்றும். நானும் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தேன்.