சாங்க்ட் ஹான்ஸ் இரவுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா?

கேள்வி: என் கல்லூரித் தோழி டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் இருக்கிறாள். அவள் கணவர் அந்த ஊர்க்காரர். ஜூன் 23 மாலை நெருப்பு மூட்டிக் கொண்டாடும் விழாவுக்கு எங்களை அழைத்திருக்கிறாள். நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. என்ன உடுத்துவது? தலைக்குப் பூவளையம் வாங்க வேண்டுமா? சூனியக்காரி பொம்மையை எரிப்பார்களாமே, அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

பதில்: பூவளையம் வேண்டாம். பூ சுற்றிய கம்பத்தைச் சுற்றி ஆடுவதும் தலையில் பூ சூடுவதும் ஸ்வீடனின் வழக்கம். டென்மார்க்கில் இது நெருப்பின் இரவு. திருமுழுக்கு யோவானின் பிறந்த நாள் ஜூன் 24. அதற்கு முந்தைய மாலையைத்தான் 'சாங்க்ட் ஹான்ஸ்' என்று கொண்டாடுகிறார்கள். ஸ்வீடனில் இதை ஒரு வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்வார்கள். டென்மார்க்கில் எந்தக் கிழமையானாலும் 23-ஆம் தேதிதான். அன்றும் மறுநாளும் அரசு விடுமுறை கிடையாது. உங்கள் தோழி மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியிருக்கலாம். 24-ஆம் தேதிக்கு அவளை நம்பி ஊர் சுற்றும் திட்டம் எதுவும் போடாதீர்கள்.

வரச் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்விடுங்கள். ஆறு மணி என்றால் அங்கே ஆறு மணிதான். முதலில் சாப்பாடு. நெருப்பு மூட்ட வெகுநேரம் ஆகும், ஏனென்றால் கோபன்ஹேகனிலேயே அன்று சூரியன் மறைய ஏறக்குறைய இரவு 10 மணி ஆகிவிடும். ஆர்ஹூஸில் இன்னும் சற்றுத் தாமதம். கடற்கரையில் கூடுவதாக இருந்தால் காற்று எலும்பைத் துளைக்கும். ஜூன் மாதம்தானே என்று பருத்திச் சேலையோடு மட்டும் போய் நிற்காதீர்கள். கம்பளிச் சட்டை, காற்றைத் தடுக்கும் மேலங்கி, மூடிய காலணி மூன்றும் கட்டாயம். பட்டு வேண்டாம்: தீப்பொறி பறக்கும், புகை நாற்றமும் எளிதில் போகாது.

சாப்பாட்டைப் பற்றி இன்றே தோழிக்கு எழுதுங்கள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் முட்டை உண்டு என்றுதான் அவள் கணவர் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் இறைச்சியும் சாசேஜும் சுடுவார்கள். உங்களுக்கான காய்கறியைத் தனித் தட்டில் வைத்துச் சுடச் சொல்வதில் தவறே இல்லை. அந்தப் பருவத்தின் புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெர்ரியும் உங்களுக்கு ஏற்றவை. ஒன்றில் மட்டும் கவனம்: 'கோல்ஸ்கோல்' என்ற குளிர்ந்த மோர் இனிப்பைப் பார்த்தால் நம் மோர் போலத் தெரியும், ஆனால் அதில் பச்சை முட்டை மஞ்சள் கரு சேர்ப்பது வழக்கம். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

குச்சியில் சுடும் ரொட்டியைத் தவறவிடாதீர்கள், 'ஸ்னோப்ரோத்' என்பார்கள். பிசைந்த மாவைக் கயிறு போல உருட்டி, நீண்ட குச்சியின் நுனியில் சுற்றுவார்கள். மாவு மெல்லியதாக இருக்க வேண்டும். சுடரில் காட்டினால் வெளியே கரிந்து உள்ளே பச்சையாகவே நிற்கும். கனலுக்கு மேலே பிடித்துப் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்துவிட்டதா என்று அறிய லேசாகத் திருகிப் பாருங்கள், வெந்த ரொட்டி குச்சியை விட்டுத் தானாக நழுவும். அந்தத் துளையில் ஜாம் ஊற்றித் தின்னும் குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்த இரவுக்குத் திரும்பப் போவேன்.

இனி பொம்மை. உங்கள் உறுத்தல் நியாயமானது, டேனிஷ்காரர்களிலேயே பலருக்கும் அது உண்டு. நெருப்பு மூட்டும் வழக்கம் மிகப் பழையது. வைக்கோல் பொம்மைக்குப் பழந்துணி உடுத்தி உச்சியில் வைப்பதோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்தச் சூனியக்காரி ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைக்குப் பறந்து போகிறாள் என்பது கதை. ஆனால் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சூனியக் குற்றம் சாட்டி டென்மார்க்கில் சுமார் ஆயிரம் பேரை உண்மையிலேயே கொன்றார்கள், பெரும்பாலோர் பெண்கள். சட்டப்படி கடைசியாக உயிரிழந்தவர் ஆன்னா பால்லஸ், 1693-இல். பொம்மை வேண்டாம் என்று நெருப்பை மட்டும் மூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். காரணத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

நெருப்பு மூட்டும் நேரத்தில் ஒருவர் உரையாற்றுவார், பிறகு எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். ஹோல்கர் டிராக்மன் 1885-இல் எழுதிய பாட்டு அது. 'நம் நாட்டை நேசிக்கிறோம்' என்று தொடங்கும். அப்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அவர்களோடு நில்லுங்கள். வறண்ட ஆண்டுகளில் நெருப்புக்குத் தடை விதிப்பதும் உண்டு. விருந்து எப்படியும் நடக்கும்.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். தோழியின் அழைப்புக் கடிதமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தேவை. அங்கே செலவுக்கு யூரோ அல்ல, குரோனர்.

கையில் ஒரு சிறு பரிசு போதும். வீட்டுக்குள் நுழையும்போது காலணியைக் கழற்றுவது அங்கேயும் வழக்கம்தான். சாப்பிட்டு எழும்போது 'தாக் ஃபோர் மாத்' என்று சொல்லுங்கள். உணவுக்கு நன்றி என்று பொருள். ஊர் திரும்பிய பிறகு அவர்களோடு முதலில் பேசும்போது 'தாக் ஃபோர் சிஸ்ட்' என்று தொடங்குங்கள். போன முறை கூடியிருந்ததற்கு நன்றி என்பது அதன் பொருள். தோழியின் கணவர் அதைக் கேட்டு மிகவும் மகிழ்வார்.